பள்ளம் விழுந்த மூக்குத்தண்டு: விலா குருத்தெலும்பால் செய்த ஒரு மறு அறுவை

பின்னணி

அவருக்கு 27 வயது, லேத் பட்டறையில் வேலை. எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வந்தபோது அவர் சொன்ன குறை மூச்சடைப்பு மட்டும்தான். ராத்திரி வாய் வழியாகத்தான் மூச்சு விடுகிறேன், காலையில் தொண்டை காய்ந்து கிடக்கிறது என்றார். மூக்கின் வடிவத்தைப் பற்றிப் பேசியது கூட வந்த அம்மா. பக்கவாட்டில் பார்த்தாலே தெரிந்தது: தண்டின் மேல்பாதி எலும்பு சரியான உயரத்தில் நிற்கிறது, அதற்குக் கீழே நடுவில் பள்ளம், நுனி மேல்நோக்கித் தூக்கியிருக்கிறது, எதிரே நின்றால் இரண்டு துவாரங்களும் தெரிகின்றன. சேண மூக்கு என்று சொல்கிற வகை. (ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை.)

கதை 11 வயதில் தொடங்குகிறது. பள்ளி மைதானத்தில் கிரிக்கெட் மட்டை மூக்கில் பட்டது. ரத்தம் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. எக்ஸ்ரே எடுத்து, எலும்பு உடையவில்லை என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த இரண்டு நாளில் மூக்கு இரண்டு பக்கமும் அடைத்தது, அப்புறம் காய்ச்சல். “சளி புடிச்சிருக்குன்னு நெனச்சோம் சார், ஆவி புடிச்சோம்” என்றார் அம்மா. ஆறாவது நாள் வேறொரு இடத்தில் கீறிச் சீழ் எடுத்தார்கள். வலி போனது, காய்ச்சல் போனது, எல்லாரும் முடிந்தது என்று விட்டுவிட்டார்கள். பள்ளம் பிறகு மெதுவாக, வளர வளர விழுந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இதுதான். மூக்கின் நடுச்சுவரில் முன்பகுதி குருத்தெலும்பு. அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிற மெல்லிய உறையிலிருந்து ஊறி வருவதுதான் அதற்குச் சாப்பாடு. அடிபட்டு உறைக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் ரத்தம் தேங்கினால் அந்த வழி அடைபடுகிறது, மூன்று நான்கு நாளில் குருத்தெலும்பு சாகத் தொடங்கிவிடும். கிருமியும் சேர்ந்துகொண்டால் இன்னும் வேகமாகக் கரைந்து போகும். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது, அதனால் எலும்பு உடையவில்லை என்ற பதில் இந்த ஆபத்தைப் பற்றி எதையுமே சொல்வதில்லை. லைட் அடித்து இரண்டு துவாரத்துக்குள்ளும் பார்த்து, ஒரு பட்ஸால் நடுச்சுவரைத் தொட்டாலே போதும்: மெத்தென்று அமுங்குகிற வீக்கம், மூக்கடைப்புச் சொட்டு மருந்து விட்டும் சுருங்கவில்லை என்றால் அன்றைக்கே கீறி ரத்தத்தை எடுத்து, மறுபடி தேங்காதபடி மூக்குக்குள் துணி அடைத்து (பேக்) வைக்க வேண்டும். குழந்தைகளிடம் இழப்பு இன்னும் பெரிது. மூக்கு முன்னோக்கி வளர்வதே அந்த நடுச்சுவரை நம்பித்தான்.

22 வயதில் ஓர் இடத்தில் அவருக்கு முதல் அறுவை நடந்தது. வலது காதுக்குள்ளிருந்து குருத்தெலும்பு எடுத்து, அடுக்கி, பள்ளத்தின் மேல் வைத்திருக்கிறார்கள். ஒரு வருடம் நன்றாக இருந்ததாம். பிறகு மெல்ல இறங்கியது, ஒட்டின் வலது ஓரம் தோலுக்கு அடியில் படி மாதிரி தட்டுப்பட ஆரம்பித்தது. மூச்சு முன்னைக்கும் மாறவில்லை, பின்னைக்கும் மாறவில்லை. அந்த முறையே தவறு என்று சொல்ல மாட்டேன். நடுச்சுவர் உறுதியாக இருந்து, மேலே சின்னக் குழி மட்டும் இருப்பவருக்குக் காதுக் குருத்தெலும்பு நல்ல தேர்வு. இவருக்கு அது விட்டம் இறங்கிப்போன வீட்டில் ஓடு மாற்றிய கதையாகிவிட்டது.

பரிசோதனையில் பார்த்தது

மூக்கு நுனியை விரலால் அழுத்தினால் எதிர்ப்பே இல்லை, நேராக எலும்பில் போய் உட்கார்ந்தது. உள்ளே பட்ஸால் தொட்டபோது நடுச்சுவரின் முன்பகுதியில் இரண்டு சவ்வுகள் ஒன்றோடொன்று உரசுவது மட்டும்தான் தெரிந்தது, நடுவில் தாங்க எதுவும் இல்லை. பின்னால் போகப் போக, நாசி எலும்புக்கு அடியில், கொஞ்சம் குருத்தெலும்பு மிச்சம் இருந்தது. எண்டோஸ்கோப்பில் நடுச்சுவரில் ஓட்டை இல்லை. இது பெரிய நிம்மதி, ஏனென்றால் ஓட்டை இருந்திருந்தால் புது ஒட்டை மூடிவைக்கச் சவ்வு தேடுவதே தனி அறுவையாகியிருக்கும்.

மூச்சடைப்புக்குக் காரணம் இரண்டு பக்கமும் உள்வால்வு. நடுச்சுவரும் மேல் பக்கக் குருத்தெலும்பும் சந்திக்கிற அந்தக் கோணம் சாதாரணமாக 10 முதல் 15 டிகிரி இருக்கும், மூக்கிலேயே மிகக் குறுகலான இடம் அதுதான். இவருக்கு நடுச்சுவர் இறங்கியதால் பக்கச் சுவர்களும் கூடவே இறங்கி, மூச்சை இழுக்கும்போது உள்ளே ஒட்டிக்கொண்டன. கன்னத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பார்க்கிற ‘காட்டில்’ (Cottle) சோதனையில் மூச்சு நன்றாக வந்தது. ஆனால் அந்தச் சோதனை பாதிப் பேருக்கு ஆமாம் என்றுதான் சொல்லும், அதை மட்டும் நம்ப முடியாது. அதனால் துவாரத்துக்குள் பட்ஸ் விட்டு அந்தக் கோணத்தை மட்டும் லேசாகத் தூக்கிப் பார்த்தோம். “சார், இப்படியே வெச்சிருங்க” என்றார். மூச்சடைப்பை அளக்க ஐந்து கேள்விகள் கொண்ட நோஸ் அளவுகோல் உண்டு, 0 என்றால் தொந்தரவே இல்லை, 100 என்றால் மிக மோசம். அவருக்கு 75.

காரணம் தெளிவாகத் தெரிந்தாலும் மற்றவற்றையும் கேட்டு, ரத்தப் பரிசோதனை செய்து ஒதுக்கினோம். தொழுநோய், சிபிலிஸ், ரத்தக் குழாய் அழற்சி நோய்கள், மூக்கில் உறிஞ்சும் போதைப்பொருள் என்று மூக்குத்தண்டை இறக்குகிற காரணங்கள் பல. நோய் உள்ளே உயிரோடு இருக்கும்போது ஒட்டு வைத்தால் அதையும் சேர்த்துத் தின்றுவிடும். விலா குருத்தெலும்பில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று சி.டி. ஸ்கேனில் பார்த்தோம். வயது ஏற ஏற இது கூடும், படிந்துவிட்டால் செதுக்கும்போது நொறுங்கும். இவருக்கு அதிகம் இல்லை.

எங்கிருந்து எடுப்பது

வடிவமைப்பு அறுவைகளில் முதல் தேர்வு எப்போதும் நடுச்சுவர்தான்: நேராக இருக்கும், உறுதியாக இருக்கும், அதே காயத்துக்குள்ளேயே கிடைக்கும். ஆனால் தண்டு ஓரத்திலும் முன் ஓரத்திலும் குறைந்தது 1 செ.மீ. அகலத்துக்கு ஆங்கில எல் எழுத்து வடிவில் ஒரு சட்டத்தை விட்டுவிட்டுத்தான் நடுவிலிருந்து எடுக்க வேண்டும். இவரிடம் அந்தச் சட்டமே இல்லை, அப்புறம் எடுப்பதற்கு என்ன இருக்கிறது.

இடது காது மிச்சம் இருந்தது. காதுக் குருத்தெலும்பு வளையும், மடங்கும், பாரம் தாங்காது. மூக்கு மடலுக்கு, நுனிக்கு, சின்னக் குழிகளுக்குச் சரி. சிலிகான் ஒட்டு பற்றியும் பேசினோம், குறிப்பாக அவர் இணையத்தில் பார்த்துவிட்டு வந்து கேட்டதால். கிழக்காசிய நாடுகளில் அது நிறையப் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு முறை அறுத்துத் தழும்பாகிப்போன, ஓரிடத்தில் மெலிந்துவிட்ட தோலுக்கு அடியில் அந்நியப் பொருளை வைத்தால் எத்தனை வருடம் கழித்தும் சீழ் பிடிக்கலாம், தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரலாம். மேலும் சிலிகான் பள்ளத்தை நிரப்புமே தவிர வால்வைத் திறக்காது. வேண்டாம் என்று முடிவு. கதிர்வீச்சில் பதப்படுத்திய, இன்னொருவருடைய விலா குருத்தெலும்பும் கிடைக்கும். காலப்போக்கில் கரைகிற வாய்ப்பு அதில் கூடுதல், 27 வயதுக்காரருக்கு இன்னும் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடிக்க வேண்டும்.

ஆக, அவருடைய சொந்த விலாதான். வலது பக்கம் ஏழாவது. இதயம் இடப்பக்கம் என்பதாலும், பிற்பாடு வருகிற நெஞ்சு வலியை யாரும் இதய வலியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதாலும் வழக்கமாக வலது.

விலாவின் பெரிய சிக்கல் வளைவது. செதுக்கிய பிறகு, பக்கத்துக்குப் பக்கம் உள்ளிழுவிசை மாறுபட்டு, நேராக இருந்த துண்டு வாழைக்காய் மாதிரி திரும்பும். நடுப்பகுதியை மட்டும், எல்லாப் பக்கமும் சமமாகச் செதுக்கி எடுத்தால் இது குறையும் என்று 1958-இலேயே கிப்சனும் டேவிஸும் காட்டினார்கள், இன்றுவரை அதுதான் அடிப்படை. 2013-இல் துருக்கியைச் சேர்ந்த டாஷ்டான் குழு, நீளவாக்கில் வெட்டாமல் சாய்வாக மெல்லிய சீவல்களாக வெட்டுகிற முறையைச் சொன்னது. நாங்கள் பழகியது பழைய முறை, அதையே எடுத்துக்கொண்டோம்.

தண்டின் மேற்பரப்புக்கு மட்டும் வேறு வழி. நீளமான ஒற்றைத் துண்டைத் தோலுக்கு நேர் அடியில் வைத்தால் துளி வளைந்தாலும் முகத்தில் தெரியும், ஓரம் தெரியும். அதனால் பொடியாக நறுக்கிய குருத்தெலும்பைச் சவ்வில் சுற்றி வைப்பது என்று தீர்மானித்தோம். நறுக்கிய குருத்தெலும்பைச் சர்ஜிசெல் என்ற, ரத்தம் நிறுத்துகிற துணியில் சுற்றி வைப்பதை 2000-இல் எரோல் பரவலாக்கினார். 2004-இல் டேனியலும் கால்வர்ட்டும் அப்படிச் சுற்றியது கரைந்துபோகிறது, நெற்றிப்பொட்டுத் தசையின் மேலுறையில் சுற்றினால் நிற்கிறது என்று எழுதினார்கள். நாங்கள் எடுத்தது இரண்டாவது. சுருக்கமாக, அடியில் பாரம் தாங்குவதற்கு முழுத்துண்டு, மேலே வழவழப்புக்கு நறுக்கியது.

சம்மதப் பேச்சு

அவருடைய முதல் கேள்வி, “விலா எலும்ப எடுத்துட்டா பாரம் தூக்க முடியுமா சார்?” எலும்பை எடுப்பதில்லை, முன்பக்கக் குருத்தெலும்பில் நாலைந்து செ.மீ. துண்டு மட்டும், ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது, பிறகு பழையபடி என்றோம். பட்டறையில் லீவு கிடைக்குமா என்பதுதான் அவருடைய உண்மையான கவலை. அம்மாவுக்குத் தழும்பு. துவாரங்களுக்கு நடுவில் இருக்கிற தூணில் கொஞ்சம் வெட்டு வரும், கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும், நெஞ்சில் விரல் கட்டை அளவு தழும்பு இருக்கும் என்று படம் வரைந்தே காட்டினோம். வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடம் ஆகும், தோல் தடிமனாக இருந்தால் அதற்கு மேலும் ஆகும், நுனி இறுக்கமாக இருக்கும், இன்னொரு சின்ன அறுவை தேவைப்படலாம் என்பதையும் எழுதியே கொடுத்தோம்.

காப்பீட்டு நிறுவனம் முதலில் அழகுச் சிகிச்சை என்று மறுத்தது. நம் நாட்டுக் காப்பீட்டு விதிகளில் அழகுக்கான அறுவைக்கு விலக்கு உண்டு, ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பும் மருத்துவத் தேவைக்கான சிகிச்சையும் அந்த விலக்கில் வராது. அம்மா பத்திரமாக வைத்திருந்த பழைய சீட்டு, அதில் சீழ் எடுத்த குறிப்பு, நோஸ் மதிப்பெண், எண்டோஸ்கோப் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி அனுப்பிய பிறகுதான் ஒப்புதல் வந்தது.

அறுவை அரங்கில்

விலாவை முதலில் எடுத்தோம். மூக்கு ஒருபோதும் முழுச் சுத்தமாகாது, நெஞ்சு சுத்தமான இடம், அதனால் கருவிகளும் தனித்தனி. மேலுறையை விலக்கி, பின்பக்க உறையைக் கிழிக்காமல் துண்டை எடுப்பதுதான் சூட்சுமம், அதற்கு அடியில் நுரையீரல் உறை. எடுத்த குழியில் சலைன் ஊற்றி, மயக்க மருந்து டாக்டரை நுரையீரலைக் காற்றால் உப்ப வைத்துப் பிடிக்கச் சொன்னோம். குமிழி வரவில்லை. வந்திருந்தால் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, காற்றை உறிஞ்சிக்கொண்டே தையல் போட்டு மூடியிருப்போம், பெரும்பாலும் அது போதும். மூடுவதற்கு முன் விலா நரம்புக்கு மரப்பு ஊசி.

மூக்கைத் தூணில் கவிழ்ந்த வி வடிவ வெட்டு வழியாகத் திறந்தோம். பழைய காது ஒட்டு தழும்பில் சிக்கி, ஒரு பக்கம் சுருண்டு கிடந்தது, அந்தப் படி இதுதான். அதை எடுத்துத் தூக்கிப்போடாமல் வைத்துக்கொண்டோம். அப்புறம் அன்றைய தினத்தின் மெதுவான வேலை: நடுவில் குருத்தெலும்பு இல்லாமல் ஒட்டிப்போன இரண்டு சவ்வுகளைப் பிரிப்பது. சாதாரண மூக்கில் உறைக்கு அடியில் போனால் தானாக வழி விடும், இங்கே ஒவ்வொரு மி.மீட்டரும் கூர்மையான கத்தியால்தான். இடது சவ்வு ஓரிடத்தில் கிழிந்தது, தைத்தோம். நேர் எதிரே வலது சவ்வு முழுசாக இருந்ததால் ஓட்டை விழாது என்று தெரியும். நாசி எலும்புக்கு அடியில் மிஞ்சியிருந்த குருத்தெலும்பு உறுதியாக இருந்தது. புதுச் சட்டத்தைக் கட்ட ஒரு முனை கிடைத்துவிட்டது, அது இல்லாவிட்டால் எலும்பில் துளை போட்டுத்தான் கட்டியிருக்க வேண்டும்.

விலாவின் நடுப்பகுதியிலிருந்து இரண்டு நீளக் கீற்றுகள், ஒரு தடித்த துண்டு. சலைனில் போட்டு அரை மணி நேரம் பார்த்தோம், ஒரு கீற்று கண்ணுக்குத் தெரியவே வளைந்தது. அதன் வளைவுக்கு எதிராக மற்றக் கீற்றைத் திருப்பி வைத்து ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும்படி தைத்தோம். தடித்த துண்டு மேல்தாடையின் முன்முள்ளில் (மூக்கடியில் முன்னால் நீட்டியிருக்கிற சின்ன எலும்பு முனை) துளையிட்டுக் கட்டப்பட்டது, புது நடுச்சுவரின் முன்தூண் அதுதான். இரண்டு கீற்றுகளும் மேலே மிஞ்சிய குருத்தெலும்பிலிருந்து இந்தத் தூண் வரை இரண்டு பக்கமும் ஓடின. 1984-இல் ஷீன் விவரித்த ஸ்ப்ரெடர் ஒட்டின் நீட்டிய வடிவம் இது: பக்கக் குருத்தெலும்புகளை இதன் மேல் தைத்தால் அந்த உள்வால்வுக் கோணம் திறக்கிறது. நுனிக் குருத்தெலும்புகளை இந்த முன்தூணில் தைத்த பிறகு விரலால் அழுத்திப் பார்த்தோம், நுனி அமுங்கித் திரும்பி வந்தது.

காதுக்கு மேலே, முடிக்குள் வெட்டி எடுத்த தசை உறையில் அரை மி.மீ. முதல் 1 மி.மீ. அளவுக்கு நறுக்கிய துணுக்குகள், பழைய காது ஒட்டும் சேர்த்து. வேண்டியதை விட உயர்த்தி வைக்கவில்லை, உறையில் சுற்றியது அதிகம் கரையாது என்பதால். மிச்ச விலாத் துண்டு ஒன்றை நெஞ்சுக் காயத்திலேயே தோலுக்கு அடியில் வைத்துத் தைத்தோம். பின்னால் தேவைப்பட்டால் புதிதாக விலாவைத் தேடிப் போக வேண்டியதில்லை.

அதன் பிறகு

முதல் சில நாள் மூக்கை விட நெஞ்சுதான் வலித்தது, இருமினால் கையால் பிடித்துக்கொண்டார். ஒரு வாரத்தில் வெளிக்கட்டு எடுத்தோம். வீக்கத்தைப் பார்த்து அம்மா பயந்துபோனார், “முன்னால இருந்ததே பரவால்லயோ” என்றுகூடக் கேட்டார். இந்த நேரத்தில் எந்தப் பதிலும் எடுபடாது, அடுத்த மாதம் வாருங்கள் என்பதைத் தவிர. ஏழாவது வாரம் வேலைக்குப் போனார்.

மூன்று மாதத்தில் நோஸ் மதிப்பெண் 30, ஒரு வருடத்தில் 15. வாயை மூடித் தூங்குகிறேன் என்றார். பள்ளம் நிரம்பியிருக்கிறது, தொட்டால் ஓரிடத்தில் லேசாக மேடு தட்டுகிறது, பார்த்தால் தெரியாது. துவாரங்களுக்கு நடுவில் தழும்பு மங்கிவிட்டது.

எல்லாம் நேராக அமையவில்லை. ஐந்தாம் மாதம் ஒரு கல்யாணப் படத்தில் மூக்கின் கீழ்ப்பகுதி இடது பக்கம் சற்றுச் சாய்ந்திருப்பதை அவரே கண்டுபிடித்துக் காட்டினார். பெரும்பாலும் அந்த வளைந்த கீற்றின் வேலை; எதிரெதிராகத் தைத்தது முழுதாகப் பிடித்து நிறுத்தவில்லை. வலது துவாரம் கொஞ்சம் குறுகியிருக்கிறது, மூச்சைத் தடுக்கும் அளவுக்கு இல்லை. நெஞ்சில் சேமித்த துண்டை வைத்துச் சரி செய்யலாம் என்றோம். இன்னொரு அறுவை வேண்டாம் என்றுவிட்டார். நுனி மரக்கட்டை மாதிரி இருக்கிறது, மேலுதட்டில் சவரம் செய்யும்போது மூக்கு நகர மாட்டேன் என்கிறது, சிரித்தால் உதடு இழுக்கிறது என்பதும் அவருடைய குறை. முன்பே சொல்லியிருந்தோம், எழுதியும் கொடுத்திருந்தோம். காதால் கேட்பதும் தினமும் கண்ணாடி முன்னால் அனுபவிப்பதும் வேறு வேறு.

அடுத்தவருக்கு மாற்றிச் செய்வது

வளைந்தது தெரிந்த கீற்றை இனி மூக்குக்குள் வைப்பதில்லை, நறுக்கித் துணுக்காக்கிவிடுகிறோம். ஸ்ப்ரெடருக்கு மட்டும் சாய்வாக வெட்டும் முறைக்கு மாறியிருக்கிறோம். செதுக்கும் வேலையை மூக்கைத் திறப்பதற்கு முன்பே முடித்துவிடுகிறோம், சவ்வு பிரிக்கிற நேரம் முழுக்கத் துண்டுகள் சலைனில் கிடக்கும், யாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை, வளைவதும் கூடுதலாகத் தெரியும். ஒவ்வொரு வருகையிலும் ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில், எல்லாக் கோணத்திலும் படம். சாய்வை நோயாளி கல்யாண ஆல்பத்தில் கண்டுபிடிக்கும்வரை நாம் பார்க்காமல் இருக்கக் கூடாது. நுனி இறுக்கத்தைப் பற்றிப் பேசும்போது, ஏற்கெனவே இந்த அறுவை செய்துகொண்டு, பேசச் சம்மதிக்கிற ஒருவரோடு நேரில் உட்கார வைக்கிறோம். அப்படிப் பேசிய பிறகு வேண்டாம் என்று போனவர்களும் உண்டு, அது நல்லதுதான். காப்பீட்டுக்கான காகிதங்களை முதல் வருகையிலேயே கேட்டு வாங்கிவிடுகிறோம்.

முன்தூணை விலாவில்தான் செய்வது, நெஞ்சில் ஒரு துண்டைச் சேமித்து வைப்பது, தண்டுக்கு நறுக்கிய குருத்தெலும்பு, இவற்றில் மாற்றம் இல்லை. விலா ஒட்டில் வளைவு பெரும்பாலும் முதல் மாதங்களிலேயே தெரிந்துவிடும், ஆனாலும் அவரை வருடத்துக்கு ஒரு முறை வந்து படம் எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறோம். சாய்வு கூடினால் நெஞ்சில் வைத்த துண்டைப் பற்றி மறுபடி பேசுவோம்.